வாய்க்கும் ஒருசந்தி

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் மொழி. பல்லைச் சோற்றோடு மட்டும் சேர்த்து எண்ணாமல் சொல்லோடும் சேர்த்து எண்ணிய அவர்களது நுண்ணறிவு வியப்புக்குரியது. உண்பதற்கும் பேசுவதற்கும் பாடுவதற்கும் செபிப்பதற்கும் இறைவன் நமக்கு அமைத்துத் தந்த ஒரே வாசல் வாய். வீட்டு வாசலைப் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிட்ட பின்னரே நாளைத் தொடங்கும் நாம் உடலின் வாசலை எந்த அளவுக்குப் பேணுகிறோம்? இக்கேள்வியைச் சிறிது சிந்திக்கவே இக்கட்டுரை.

பல்லைப் பற்றி எழுதப் பல் மருத்துவர் இருக்க, பங்குக்குரு எதற்கு என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். மருத்துவருக்கு அடுத்தபடியாக ஓர் ஊராரின் வாய்களை மிக அருகில் காண நேர்பவர் குருவே. நம் சிற்றூர்களில் பலர் இன்றும் நற்கருணையை நாவிலேயே பெறுகின்றனர். ஞாயிறுதோறும் 'ஆமென்' என்று சொல்லித் திறக்கும் அந்த வாய்களில் ஊரின் நிலையைப் படித்துவிடலாம். புதுநன்மை வாங்கிய சிறுவனுக்குக் கடைவாய்ப் பற்கள் கறுத்துக் குழிந்திருக்கின்றன. கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞனின் பற்களில் பாக்கும் புகையிலையும் செம்பழுப்பாய்ப் படிந்திருக்கின்றன. அறுபது வயதைத் தாண்டாத தாய் ஒருவருக்கு ஈறு மட்டுமே எஞ்சியிருக்கிறது. இவற்றை நாம் தேடிக் காண்பதில்லை, காணாதிருக்க இயலவில்லை. இவற்றுள் பெரும்பகுதி வராமலே தடுத்திருக்கக்கூடிய துன்பம் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

அன்பியக் கூட்டம் ஒன்றில் இதுபற்றிப் பேசியபோது, நகைச்சுவை உணர்வு மிக்க பெரியவர் ஒருவர் எழுந்தார். "சாமி, வாய்க்குள்ளே போறது மனுசனைத் தீட்டுப்படுத்தாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரே. பெறகு பல்லுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பிரசங்கம்?" என்றார். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி பதிலுக்குரிய கேள்வியே. மத்தேயு நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுவது சடங்குத் தீட்டைப் பற்றி. கை கழுவுவதில் காட்டிய கண்டிப்பை உள்ளத்தைக் கழுவுவதில் காட்டாதோரை நோக்கி அவர் பேசினார். அழுக்காய் இருங்கள் என்று எவருக்கும் அவர் கற்பிக்கவில்லை. அதே நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், நோன்பிருப்போர் வாடிய முகத்தோடு திரிய வேண்டா, தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று அவரே பணிக்கிறார். நோன்பையும் தூய்மையையும் அவர் ஒன்றாகவே வைத்தார். இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் பற்களின் நலமும் இருக்கிறது என்பதே நாம் சொல்ல விழைவது.

உடல் இழிந்ததன்று

உடலைப் பேணுவது உலகப் பற்று, ஆன்மாவைப் பேணுவதே பக்தி என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் முற்றும் நீங்கவில்லை. திருச்சபையின் போதனையோ வேறு. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, தன் 14ஆம் எண்ணில், மனிதன் தன் உடல் வாழ்வை இகழலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. இறைவனால் படைக்கப்பட்டு இறுதி நாளில் உயிர்ப்பிக்கப்பட இருப்பதால் உடல் நல்லது, மதிப்பிற்குரியது என்பது சங்கத்தின் கருத்து. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2288), உடல்நலத்தை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அரிய கொடை எனக் குறித்து, அதனைத் தக்கவாறு பேணும் கடமை நமக்குண்டு என்கிறது. அடுத்த எண்ணிலேயே உடலை வழிபாட்டுப் பொருளாக்கும் போக்கையும் அது கண்டிக்கிறது. ஆகவே முத்துப்போன்ற பல்வரிசைக்காகப் பணத்தை வாரியிறைக்கும்படி நாம் எவரையும் தூண்டவில்லை. ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் உண்மையுள்ள பணியாளராய் இருப்போம் என்றே சொல்கிறோம்.

ஒருசந்தியின் பொருள்

சொத்தைப் பல் எவ்வாறு உண்டாகிறது? பல்லில் பூச்சி புகுந்து குடைகிறது என்று நம் பாட்டிமார் சொல்வர். அந்தப் பூச்சியை எடுத்துக் காட்டுவதாகச் சொல்லிக் காசு பறித்தவர்களும் நம் சந்தைகளில் உண்டு. உண்மையில் அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்கிருமிகள் எல்லார் வாயிலும் வாழ்கின்றன. நாம் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் உண்ணும்போது அவையும் உண்கின்றன. உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேலுறையாகிய எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அத்தகைய எனாமலையும் அந்த அமிலம் சிறிது சிறிதாகக் கரைக்கிறது.

ஆயினும் படைத்தவர் நம்மைக் காப்பின்றி விடவில்லை. உமிழ்நீர் அந்த அமிலத்தை மெல்ல மெல்லத் தணிக்கிறது. கரைந்துபோன தாதுக்களை ஓரளவு பல்லுக்குத் திருப்பியும் தருகிறது. இவ்வேலைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். இடைவெளி கிடைத்தால் பல் தேறிக்கொள்ளும். காலையில் இனிப்புத் தேநீர், பத்து மணிக்கு பிஸ்கட், பன்னிரண்டுக்கு மிட்டாய், மாலையில் குளிர்பானம், இரவில் மீண்டும் தேநீர் என்று வாய் ஓயாது அசைந்துகொண்டிருந்தால் உமிழ்நீர் எப்போது தன் வேலையைச் செய்யும்? எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைப்போலவே, எத்தனை முறை உண்கிறோம் என்பதும் பல்லின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. எனாமலில் ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடிக்கொள்வதில்லை. தோல் வளர்வதுபோல எனாமல் மீண்டும் வளராது.

இதைப் படித்தறிந்தபோது நம் உள்ளத்தில் எழுந்தது, 'ஒருசந்தி' என்னும் நம் பழைய சொல்தான். தவக்காலத்தில் நம் முன்னோர் ஒருசந்தி காத்தனர். விழா நாளில் மனம் நிறைய உண்டு மகிழ்ந்தனர். நோன்புக்கு ஒரு காலம், விருந்துக்கு ஒரு காலம் என்று வாழ்வுக்கு ஒரு தாளம் இருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்கு எந்நாளும் விருந்து நாளாகிவிட்டது. திருவிழாவுக்கு மட்டும் வீட்டுக்கு வந்த இனிப்பு, இப்போது பெட்டிக்கடை வாசலில் சிறு சிறு பொட்டலங்களாய் நாள்தோறும் தொங்குகிறது. இனிப்பை வெறுக்கச் சொல்லவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவில் பலகாரம் இல்லாவிட்டால் அது விழாவா? உணவோடு சேர்த்து உண்ணுங்கள். உண்டபின் வாய் கொப்பளியுங்கள். இடையிடையே வாய்க்கு ஒருசந்தி கொடுங்கள். அவ்வளவே.

ஆமோஸ் இறைவாக்கினர் நூலின் 4ஆம் அதிகாரத்தில், எபிரேய மூலத்தின்படி, ஊர்கள்தோறும் பற்கள் சுத்தமாயின என்று ஒரு தொடர் வருகிறது. அங்கே அது பாராட்டு அன்று. கடிக்க ஒன்றுமில்லாத பஞ்சத்தைக் குறிக்கும் கசப்பான சொல். அந்நாளில் ஏழையின் பற்கள் பசியால் சுத்தமாயிருந்தன. இந்நாளிலோ, நல்ல பழம் வாங்க இயலாத தாயும் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தை வாங்கிப் பிள்ளையின் அழுகையை அமர்த்திவிட முடிகிறது. வறுமை மாறவில்லை, அது பல்லில் தோன்றும் முறை மாறியிருக்கிறது.

நற்கருணை நோன்பைப் பற்றியும் ஒரு சொல். திருப்பலி நாளில் பல் துலக்காமலே கோவிலுக்குச் செல்லும் முதியவர்களை நாம் அறிவோம். நம் பாட்டியும் அப்படித்தான். ஒரு துளி நீர் தொண்டைக்குள் இறங்கிவிட்டால் நன்மை வாங்க இயலாதே என்று அஞ்சுவார். நள்ளிரவு முதல் நீரும் அருந்தலாகாது என்றிருந்த காலத்தின் அச்சம் அது. 1953இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், நீர் அருந்துவதால் நோன்பு முறியாது என்று அறிவித்தார். 1957இல் உணவுக்குரிய இடைவெளி மூன்று மணி நேரமாயிற்று. 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். நீரும் மருந்தும் தடையல்ல என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் (எண் 919) கூறுகிறது. ஆகவே ஞாயிறு காலையில் அச்சமின்றிப் பல் துலக்கி வாருங்கள். ஆண்டவரை ஏற்கும் வாயைத் தூய்மை செய்வது நோன்புக்கு ஊறன்று. அவருக்குச் செய்யும் வரவேற்பே.

புளித்த திராட்சையும் பிள்ளைகளின் பற்களும்

பெற்றோர் புளித்த திராட்சை தின்னப் பிள்ளைகளுக்குப் பல் கூசியதாம் என்று இஸ்ரயேலில் ஒரு பழமொழி வழங்கியது. எரேமியாவும் எசேக்கியேலும் அப்பழமொழியை இனிச் சொல்ல வேண்டா என்றனர். அவரவர் செயலுக்கு அவரவரே பொறுப்பு என்று கற்பித்தனர். பாவத்தைப் பொறுத்தவரை அது நிலையான உண்மை. ஆனால் சிறு பிள்ளையின் பல்லைப் பொறுத்தவரை பழமொழியில் சிறிது உண்மை எஞ்சியிருக்கிறது. இரவில் சர்க்கரை கலந்த பால்புட்டியை வாயில் வைத்து உறங்கவைப்பது யார்? உறங்கும்போது உமிழ்நீர் மிகக் குறைந்துவிடும். புட்டிப்பால் விடியும்வரை மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கி அவற்றைக் கரைக்கும். பெரியவர்கள் தம் வாயில் வைத்த கரண்டியாலே குழந்தைக்கு ஊட்டும்போது தம் வாயின் கிருமிகளையும் சேர்த்தே ஊட்டுகின்றனர். அன்பால் செய்வதே, ஆயினும் அன்புக்கு அறிவும் துணை வேண்டும்.

'விழுந்து முளைக்கப்போகிற பல்தானே' என்ற சொல்லை எத்தனையோ இல்லங்களில் கேட்டிருக்கிறோம். பால் பற்கள் இருபது. ஆறு மாத அளவில் முளைக்கத் தொடங்கும் இவற்றுள் சில பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பவை அவை. காலத்துக்கு முன் விழுந்தால் நிலைப்பற்கள் வழி தவறி முளைக்கும். வேரில் சீழ் பிடித்தால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லும் கெடக்கூடும்.

பெற்றோர் பலர் அறியாத மற்றொன்று உண்டு. ஆறு வயதளவில் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், மேலும் கீழுமாக இருபுறமும், நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமலே அவை வருவதால் அவையும் பால் பற்களே என்று வீட்டார் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அவை வாழ்நாள் முழுவதற்கும் உரிய நிலைப்பற்கள். மேற்பரப்பில் ஆழ்ந்த பள்ளங்கள் உள்ளவையாதலால் அவையே முதலில் சொத்தையாகின்றன. புதுநன்மை உடை தைக்க அளவெடுக்கும் நாளில் பிள்ளையின் வாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போதே கண்டால் சிறு அடைப்போடு முடியும்.

ஏழெட்டு வயது வரை பிள்ளை தானாகச் செம்மையாய்ப் பல் துலக்க இயலாது. பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் பற்பசை போதும். விளம்பரப் படங்களில் காண்பதுபோல் பிரஷ் நிறையப் பிதுக்க வேண்டியதில்லை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோர்க்கு உதவியவையே. நுனியை நன்கு மென்று மென்மையாக்கிப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆயினும் பல்லுக்கு உரமூட்டும் ஃபுளோரைடு பற்பசையிலேதான் உண்டு. அடுப்புக்கரி, செங்கல் தூள், மணல் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். அவை அழுக்கோடு எனாமலையும் தேய்த்துவிடும்.

நீரால் வந்த கறை

ஃபுளோரைடு என்றதும் தர்மபுரிப் பகுதியின் பிள்ளைகள் நம் நினைவுக்கு வருகின்றனர். நாம் சில ஆண்டுகள் அங்கே பணியாற்றினோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. சிறிதளவு பல்லைக் காக்கும் அதே பொருள், பற்கள் தாடைக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் பல்லில் மஞ்சளும் பழுப்புமாய் நீங்காத கறையை உண்டாக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு. மிகையான நீரை நெடுங்காலம் பருகினால் எலும்பும் மூட்டும்கூட வளையும்.

அங்கே நம்மை வருத்தியது கறை மட்டுமன்று. கறையைப் பற்றிய பேச்சு. வெளியூர்க் கல்லூரிக்குச் சென்ற பெண் பிள்ளைகள் முந்தானையால் வாயை மறைத்துச் சிரிப்பர். 'பல் விளக்காத பிள்ளை' என்ற ஏளனத்துக்கு அஞ்சிச் சிரிப்பதையே குறைத்துக்கொண்டவரும் உண்டு. திருமணப் பேச்சிலும் இது இடறலாய் வந்தது. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு, இவர் செய்த பாவமா, இவர் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர் கேட்டனர். இருவரும் அல்லர் என்றார் ஆண்டவர். இந்தப் பிள்ளைகளுக்கும் அதுவே பதில். கிணற்று நீரைக் குடித்தது அவர்கள் குற்றமன்று. எவ்வளவு துலக்கினாலும் அக்கறை போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்து காவிரி நீரை இவ்விரு மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது பெரும் ஆறுதல். பற்களை வைத்து ஒருவரது பழக்கத்தையோ குடும்பத்தையோ தீர்ப்பிடாதிருப்பதும் இக்கட்டுரையின் வேண்டுகோள்களுள் ஒன்று. நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வாழ்வோர் குழந்தைகளுக்குரிய பற்பசையை மருத்துவரைக் கேட்டே தேர்ந்துகொள்வது நல்லது.

சொல் போன கதை

பெரியவர்களுக்கு வருவோம். ஈறில் இரத்தம் கசிந்தால் பலர் அவ்விடத்தைத் துலக்காமல் விட்டுவிடுகின்றனர். அங்கே படிந்த அழுக்கு இறுகிக் காரையாகி, ஈறை மேலும் கெடுத்து, இறுதியில் நல்ல பல்லையும் ஆட்டங்காணச் செய்யும். காரை எடுத்தால் பல் ஆடிவிடும், மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்பவை அடிப்படையற்ற அச்சங்கள். சர்க்கரை நோயுள்ளோர் ஈறுகளைச் சிறப்பாகக் காக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இதய வால்வில் கோளாறு உள்ளோர்க்கு வாயின் கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தையே தாக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது புகையிலையும் பாக்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு மையம், புகையிலை சேராத வெறும் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று 2004இல் அறிவித்தது. குட்கா, பான்மசாலா ஆகியவற்றுக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்தது. தடையைத் தாண்டி வாங்குவோரும் விற்போரும் நம் பங்குகளிலும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை.

முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் உபதேசியார் ஒருவர் இருந்தார். தவக்காலத்தில் அவர் வியாகுலப் பிரசங்கத்தைத் தொடங்கினால் கோவிலில் இருமல் சத்தமும் அடங்கிவிடும். அப்படி ஒரு குரல். நாற்பது ஆண்டுகளாய் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்தே போட்டு வந்தார். ஒரு நாள் உடைந்த கடைவாய்ப் பல் உராயும் இடத்தில் நாக்கோரம் ஒரு புண் தோன்றியது. பல் கீறியதாக எண்ணித் தேன் தடவினார். கிராம்புத் தைலம் வைத்தார். வலி பெரிதாய் இல்லை, ஆகவே கவலையும் கொள்ளவில்லை. நான்கு மாதங்கள் கழிந்தன. நகரத்து அரசு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றபோது நாக்கில் ஒரு பகுதியை நீக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார். அடுத்த பெரிய வெள்ளியன்று வேறோர் இளைஞர் பாட, உபதேசியார் முதல் வரிசையில் அமர்ந்து உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவர் செய்துவந்த பணி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டிக்கடையில் இளைஞர் எவரேனும் பாக்குப் பொட்டலம் வாங்கக் கண்டால் அருகில் சென்று நிற்பார். ஒன்றும் சொல்வதில்லை, சொல்லவும் இயலாது. தம் வாயைத் திறந்து காட்டிவிட்டு நடந்துவிடுவார். அவ்வூரில் பொட்டலத்தைக் கைவிட்ட சிலரை நாம் அறிவோம். அவர்களை மாற்றியது நம் மறையுரை அன்று.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. வலி இல்லை என்பதை நலத்துக்குச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

அடிமையின் பல்

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் வியக்கத்தக்க சட்டம் ஒன்று உண்டு. தலைவன் ஒருவன் தன் அடிமையின் பல்லை உடைத்துவிட்டால், அப்பல்லுக்கு ஈடாக அவ்வடிமையை விடுதலை செய்து அனுப்ப வேண்டும். அடிமையின் ஒரு பல்லுக்கும் விடுதலையே விலை என்று வைத்த சட்டம் அது. நம் நாளிலோ ஏழையின் பல் மலிவானது. வசதியுள்ளவர் பல்லை அடைத்துக் காப்பாற்றிக்கொள்கிறார். கூலி வேலை செய்பவர் ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சி வலியைப் பொறுத்து, பொறுக்க முடியாத நாளில் பிடுங்கிவிடுகிறார். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லவும், உடன் அழைத்துச் செல்லவும் ஆள்தான் வேண்டும். அன்பியங்கள் செய்யத்தக்க நோயாளர் பணி இது.

பல் நோயுற்றோர்க்குப் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித அப்பொலோனியாவை இங்கே நினைவுகூர்வது தகும். 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் எழுந்த கலகத்தில், வயது முதிர்ந்த இக்கன்னிகையைப் பிடித்துத் தாடையில் அடித்துப் பற்களையெல்லாம் உடைத்தனர். பின்னர் தீ மூட்டி, இறைநிந்தைச் சொற்களைத் தம்மோடு சேர்ந்து சொல்லாவிட்டால் உயிரோடு எரிப்போம் என்றனர். அவ்வாய் அதைச் சொல்லவில்லை; அவர் தீயை ஏற்றுக்கொண்டார். அந்நகரின் ஆயர் தியோனிசியு எழுதிய மடல் வழியாக இச்செய்தி நமக்குக் கிடைத்துள்ளது. பல் போன பின்னும் சொல் போகாத வீராங்கனை அவர். அவரது திருநாள் பிப்ரவரி 9. உலக நோயாளர் நாளாகிய பிப்ரவரி 11க்கு இரண்டு நாள் முன்னதாக அது வருகிறது. அவ்வாரத்தில் பங்குதோறும் ஒரு பல் மருத்துவ முகாம் நடத்தினால் எத்துணைப் பொருத்தமாயிருக்கும்!

இரவுச் செபத்துக்குப் பின்

காலையில் பல் துலக்காத தமிழர் அரியர். நாம் தவறவிடுவது இரவில்தான். உமிழ்நீர் குறையும் இரவு நேரத்தில் பல்லிடுக்கில் தங்கிய உணவு மிகுந்த தீங்கு செய்யும் என்பதால், இரவுத் துலக்கலே இன்றியமையாதது. நம் இல்லங்களில் இதற்குப் புதிய பழக்கம் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. இரவு உணவு முடிந்து குடும்பமாய்ச் செபமாலை சொல்லும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. செபம் முடிந்து, பிள்ளைகள் பெற்றோரிடம் சிலுவை அடையாளம் பெற்றதும், எல்லாரும் ஒன்றாய்ச் சென்று இரண்டு நிமிடம் பல் துலக்கட்டும். துலக்கியபின் நீரைத் தவிர வேறெதுவும் வாயில் இடாதிருக்கட்டும். தந்தை துலக்குவதைக் காணும் பிள்ளைக்கு அறிவுரை தேவைப்படாது. செபமாலை நின்றுபோன வீடுகளில் இதையே சாக்காக வைத்து அதையும் தொடங்கலாம்.

மார்ச் 20ஆம் நாள் உலக வாய்நல நாள். ஏறக்குறைய எல்லா ஆண்டுகளிலும் அது தவக்காலத்திலேயே வருகிறது. வரும் தவக்காலத்தில் நாம் எடுக்கும் முயற்சிகளோடு இவற்றையும் சேர்த்துக்கொள்வோம்: உணவுக்கிடையே இனிப்பு இல்லை, பாக்கும் புகையிலையும் அறவே இல்லை, இரவில் துலக்காமல் உறக்கம் இல்லை. இதனால் மிஞ்சும் காசைத் தவக்கால உண்டியலில் இடுங்கள். அது பல்வலியால் துடிக்கும் ஏழை ஒருவரின் சிகிச்சைக்குப் பயன்படட்டும். உயிர்ப்பு விழாவில் இனிப்பு உண்ணும்போது அதன் சுவை முன்னிலும் கூடியிருக்கும்.

நம் பிள்ளைகளின் வாய் நகைப்பாலும் நற்சொல்லாலும் நிறையவும், முதியோர் தம் குடும்பத்தாரோடு ஒரே பந்தியில் அமர்ந்து மென்று உண்ணவும், நம் நாவில் எழுந்தருளும் ஆண்டவர் அருள்புரிவாராக.